‘என்மேல் கோபம்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது: வாசகர் கேள்வி பதில்

இரண்டு மாதங்களாக வந்து சேர்ந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தில் வந்து நிற்பதைக் கண்டேன். ஆங்கிலத்தில் ஒரு பெயரடைக்கோ வினைக்கோ பின்னால் ‘அட்’ வருமா, ‘இன்’ வருமா, ‘ஆஃப்’ வருமா, அல்லது எதுவுமே வராதா என்பதுதான் அந்தச் சந்தேகம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பதால் இவற்றைப் பள்ளியில் முன்னிடைச்சொல் என்று படித்தோம். ஆனால் இங்கே வந்திருக்கும் கேள்விகளில் அவை தமக்குப் பின்னால் வரும் பெயரைவிட, முன்னால் நிற்கும் சொல்லோடுதான் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘ஹி இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை ‘ஆன்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘வித்’ என்று திருத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, ‘அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்’ என்று பதில் வந்ததாம். உண்மையிலேயே காரணம் எதுவும் இல்லையா?
— வாசகி, மன்னார்குடி

உங்கள் மகள் கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘என்மேல் கோபமாக இருக்கிறார்’ என்று தமிழில் நினைத்து, மேல் என்றால் ‘ஆன்’ என்று தான் கற்றிருந்ததை நேர்மையாகப் பொருத்தியிருக்கிறாள். மேசைமேல் இருக்கும் புத்தகத்துக்கு அந்தப் பொருத்தம் சரி. கோபத்தோடு வரும் ‘மேல்’ இடத்தைக் காட்டும் ‘மேல்’ அல்ல. கோபம் என்ற சொல் தமிழில் தனக்கென்று தேர்ந்துகொண்ட துணை அது. ஆங்கிலத்தில் ‘ஆங்ரி’ வேறு துணையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது.

தமிழில் இந்தத் தேர்வு எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்பதை நாம் கவனிப்பதே இல்லை. நாய்க்குப் பயப்படுகிறோம், அல்லது நாயைக் கண்டு பயப்படுகிறோம். ஆனால் நாய்மேல் பயப்படுகிறேன் என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. கோபம் ‘மேல்’ என்பதையும் ‘இடம்’ என்பதையும் ஏற்கிறது, பயம் ‘கு’ உருபைக் கேட்கிறது, வெறுப்பது ‘ஐ’ உருபோடு நின்றுவிடுகிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று தனியாக ஓர் இயலே வைத்திருக்கிறார். அதில், ‘அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும் எச்சம் இலவே பொருள்வயினான’ என்று ஒரு நூற்பா வருகிறது. அச்சத்தைக் குறிக்கும் சொல்லோடு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், அதனால் பொருள் குறைவுபடாது என்பது அதன் கருத்து; ‘பழியின் அஞ்சும்’, ‘பழியை அஞ்சும்’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இன்று நாம் பேச்சில் பழிக்குத்தான் அஞ்சுகிறோம். ஒரே மொழியில், ஒரே உணர்ச்சிக்கு, காலத்துக்கேற்பத் துணை மாறியிருக்கும்போது, இன்னொரு மொழியில் அது நம்முடைய உருபின் நேர்மொழிபெயர்ப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி ‘வித்’ பற்றிய வரலாறு. பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்ற சொல்லின் முதன்மையான பொருள் ‘எதிராக’ என்பது. ‘உடன்’ என்ற பொருளுக்கு அக்காலத்தில் ‘மிட்’ என்ற வேறு சொல் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘மிட்’தான். பின்னர் ‘மிட்’ வழக்கொழிந்துபோக, அதன் வேலையையும் ‘வித்’ எடுத்துக்கொண்டது. மகப்பேற்றின்போது தாயின் உடன் இருக்கும் பெண்ணைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் அந்தப் பழைய ‘மிட்’ மட்டும் தங்கியிருக்கிறது. எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’, சண்டையிடுவதைக் குறிக்கும் ‘ஃபைட் வித்’ ஆகியவற்றில் ‘வித்’ தன் பழைய பொருளை விடவில்லை. ‘ஆங்ரி வித்’ என்பதையும் இவற்றின் வரிசையில் வைத்து உங்கள் மகள் நினைவில் கொள்ளலாம்.

நடைமுறைக்கு இவ்வளவு போதும்: ஆளைச் சொன்னால் ‘ஆங்ரி வித்’, நடந்த விஷயத்தைச் சொன்னால் ‘ஆங்ரி அபௌட்’. ‘ஆங்ரி அட்’ என்பதும் தவறல்ல. அமெரிக்கர்கள் ஆளுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். ‘ஆங்ரி ஆன்’ மட்டும் எங்கும் இல்லை.

அஃப்ரெய்ட், டயர்ட், அஷேம்ட், ப்ரௌட், ஃபாண்ட் என்று எதை எடுத்தாலும் ‘ஆஃப்’ வந்துவிடுகிறதே, ஏன்?
— கல்லூரி மாணவர், சிவகாசி

‘ஆஃப்’ என்று நாம் தமிழில் ஒரே மாதிரி எழுதும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு. ஒரு ‘எஃப்’ கொண்டது ‘உடைய’ என்ற பொருளில் நமக்குப் பழக்கமானது; இரண்டு ‘எஃப்’ கொண்டது விளக்கை அணைக்கும்போது நாம் சொல்வது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் இருந்தன. அதன் பொருள் ‘விட்டு விலகி’, ‘அதிலிருந்து’ என்பது. அழுத்திச் சொன்ன வடிவம் இரண்டு ‘எஃப்’ பெற்றுத் தனிச்சொல்லாகப் பிரிந்துபோனது. அழுத்தமில்லாமல் சொன்ன வடிவம் பல வேலைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இன்றைய ‘ஆஃப்’ ஆயிற்று.

அந்தப் பழைய ‘அதிலிருந்து’ என்ற பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அச்சம், அலுப்பு, வெட்கம், பெருமை ஆகிய ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறதோ அதை ‘ஆஃப்’ சுட்டுகிறது. மேலே சொன்ன ‘பழியின் அஞ்சும்’ என்பதில் உள்ள ஐந்தாம் வேற்றுமையும் நீங்கல், அதாவது ஒன்றிலிருந்து விலகுதல் என்ற பொருளுக்கு உரியதுதான். நம்முடைய பழைய இலக்கணத்தில் இருந்த ‘இன்’ உருபும் ஆங்கிலத்தின் ‘ஆஃப்’ என்பதும் அச்சத்துக்கு அருகில் இப்படி ஒன்றையொன்று ஒத்து நிற்பதைக் கண்ட நாளிலிருந்து, எனக்கு ‘அஃப்ரெய்ட்’ என்ற சொல்லுக்குத் துணை தேட வேண்டியிருந்ததே இல்லை. ‘ஃபாண்ட் ஆஃப்’ மட்டும் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்காது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கூடவே ஒரு நுட்பம். மேசை மரத்தால் ஆனது என்றால் ‘மேட் ஆஃப் வுட்’. மரம் மரமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. காகிதம் மரத்திலிருந்து செய்யப்படுகிறது என்றால் ‘மேட் ஃப்ரம் வுட்’. மூலப்பொருள் உருமாறி மறைந்துவிட்டது.

‘குட் இன் மேத்ஸ்’ சரியா, ‘குட் அட் மேத்ஸ்’ சரியா?
— பெற்றோர் ஒருவர், ஆம்பூர்

‘குட் அட்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்பதில் உள்ள ‘இல்’ நம்மை ‘இன்’ பக்கம் இழுக்கிறது. திறமையைச் சொல்லும் குட், பேட், கிளெவர், பிரில்லியண்ட், ஹோப்லெஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘அட்’தான் வரும். ஆனால் ‘வீக்’ என்ற சொல் ‘இன்’ என்பதையும் ஏற்றுக்கொள்ளும். ‘வீக் இன் மேத்ஸ்’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதியிருந்தால் அதில் பிழை இல்லை.

‘குட்’ என்ற ஒரே பெயரடை, துணைச்சொல் மாறமாற எப்படி வேறு வேறு செய்தியைச் சொல்கிறது என்பதை, சந்தர்ப்பம் வாய்த்ததால், சொல்லிவிடுகிறேன். என் தாயாரைப் பற்றி ஒரு மாணவருக்கு விளக்கியபோது நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதினேன். அவர் கோலம் போடுவதில் வல்லவர். அது ‘குட் அட்’. குழந்தைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர், அழுகிற குழந்தை அவர் தூக்கினால் அமைதியாகிவிடும். அது ‘குட் வித்’. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் கடைசிவரை அன்பாக நடந்துகொண்டார். அது ‘குட் டு’. காலை நடை அவருடைய முழங்காலுக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார். அது ‘குட் ஃபார்’. நான்கையும் தமிழில் எழுதும்போது வல்லவர், தெரிந்தவர், அன்பானவர், நல்லது என்று தலைச்சொல்லையே மாற்றிவிடுகிறோம். ஆங்கிலம் தலைச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு வாலை மாற்றுகிறது. ‘குட்’ என்றால் நல்ல என்று மட்டும் படித்துவைத்தால் அந்தச் சொல்லில் கால்வாசிகூட நமக்குக் கிடைக்காது.

வங்கியில் பணியாற்றுகிறேன். நான் அனுப்பிய மின்னஞ்சலில் ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் தி லோன்’ என்று எழுதியிருந்ததை மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினார். ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி என்றால் ‘டிஸ்கஸ் அபௌட்’ மட்டும் எப்படித் தவறாகும்?
— வாசகர், கும்பகோணம்

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. ‘டிஸ்கஷன்’ பெயர்ச்சொல், அதற்கு ‘அபௌட்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ வினைச்சொல்; அது செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்கிறது. பெயருக்கு உரிய துணையை வினையின்மேல் ஏற்றிவிடுவதால்தான் இந்தப் பிழை வருகிறது. இந்தியாவில் மட்டுமன்றி, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இது கேட்கக்கூடியதே. இதே வழியில் வந்த உறவுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ தவறு. விடுப்பு விண்ணப்பத்தில் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று தலைப்பிடலாம், ஆனால் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று உள்ளே எழுதக்கூடாது. உணவகத்தில் இரண்டு தோசைக்கான ஆர்டர் என்னும்போது ‘ஃபார்’ வரும். தோசையை ஆர்டர் செய்தோம் என்னும்போது வராது.

ஆனால் இதைவிட எனக்குப் பயன்பட்ட விளக்கம் தமிழில்தான் இருக்கிறது. நம்மிடமும் இரண்டு வகை வினைகள் உண்டு. கடனைப் பற்றிப் பேசினோம் என்கிறோம். கடனை விவாதித்தோம் என்கிறோம். பேசுவதற்குப் ‘பற்றி’ வேண்டியிருக்கிறது, விவாதிப்பதற்கு ‘ஐ’ உருபே போதும். ‘பேசு’ என்பதை ‘டாக்’ என்றும் ‘விவாதி’ என்பதை ‘டிஸ்கஸ்’ என்றும் வைத்துக்கொண்டால், ‘டாக் அபௌட் தி லோன்’, ‘டிஸ்கஸ் தி லோன்’ என்று இரண்டும் தாமாகவே சரியாக அமைந்துவிடும். சென்னைக்கு வந்து சேர்ந்தார் என்றால் அது ‘அரைவ்’. அதற்குச் சிறுசொல் தேவை, ஊர் என்றால் ‘இன்’, ரயில் நிலையம் என்றால் ‘அட்’. சென்னையை அடைந்தார் என்றால் அது ‘ரீச்’. அடைவதற்குக் ‘கு’ உருபு இல்லாததைப் போலவே ‘ரீச்’ என்பதற்கு ‘டு’ இல்லை. அவளை மணந்தான் என்பது ‘மேரீட் ஹர்’. அவளுக்கும் அவனுக்கும் திருமணம் ஆயிற்று என்று நிலையைச் சொன்னால் ‘காட் மேரீட்’ என்று தொடங்கி ‘டு’ சேர்க்க வேண்டும். அறையை அடைவதைப் போல அறைக்குள் நுழைவதும் ‘என்டர் தி ரூம்’ என்று சிறுசொல் இல்லாமலே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் ‘என்டர் இன்டு’ உண்டு.

அலுவலகக் கடிதங்களில் நான் அடிக்கடி காணும் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘கன்சிஸ்ட்’ என்றால் ‘ஆஃப்’ உண்டு, ‘கம்ப்ரைஸ்’ என்று செய்வினையில் எழுதினால் ‘ஆஃப்’ இல்லை. ‘கோப் வித்’ என்பதுதான் வழக்கு. இடையில் ‘அப்’ நுழைவது ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ ஆகியவற்றைக் கேட்டுப் பழகியதால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய பிழையைப் பலர் முன்னிலையில் சுட்டிக்காட்டுவது முறையல்ல என்பது என் உறுதியான கருத்து. பொருள் யாருக்கும் புரியாமல் போகவில்லை. தனியே அழைத்து ஒரு வரி சொல்லியிருந்தால் திருத்தம் நடந்திருக்கும், மனமும் வருந்தியிருக்காது.

‘த்ரோ டு’, ‘த்ரோ அட்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
— பத்தாம் வகுப்பு மாணவி, பழனி

மாமரத்தில் ஏறியிருக்கும் அண்ணனிடம், ‘ஒரு காயை என்னிடம் எறி’ என்று கேட்டால் அது ‘த்ரோ இட் டு மீ’. நீ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். அண்ணன் கோபத்தில் ‘என்மேல்’ எறிந்தால் அது ‘த்ரோ இட் அட் மீ’. நீ தலையைக் குனிய வேண்டும். ‘டு’ போய்ச் சேரும் இடத்தைச் சொல்கிறது, ‘அட்’ குறிவைத்த இலக்கைச் சொல்கிறது. தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று கத்துவது ‘ஷௌட் டு’; ஒருவரைத் திட்டிக் கத்துவது ‘ஷௌட் அட்’. பார்வையும் சிரிப்பும் சுட்டுவிரலும் ஓர் இலக்கை நோக்கிப் போவதால்தான் லுக், லாஃப், ஸ்மைல், பாயிண்ட் ஆகியவற்றோடு ‘அட்’ வருகிறது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கூட்டம் முழுவதும் உன் கைக்குள் வந்துவிடும்.

வேலைக்கான நேர்முகத்துக்குப் பின் எழுதிய கடிதத்தை ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடித்திருந்தேன். ‘மீட்டிங்’ என்றுதான் வர வேண்டும் என்கிறார் நண்பர். ‘டு’ என்பதற்குப் பின் வினையின் முதல் வடிவம்தானே வரும்?
— வாசகர், திருப்பூர்

நண்பர் சொன்னது சரி. ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு வேலை செய்கிறது. ‘ஐ வாண்ட் டு மீட் யூ’ என்பதில் அது வினையின் முன்னொட்டைப் போல நிற்கிறது. தமிழில் ‘சந்திக்க’ என்னும் எச்சத்தில் உள்ள ‘க்க’ செய்யும் வேலையை அது செய்கிறது. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் அது முன்னிடைச்சொல். அதற்குப் பின் பெயரோ, பெயரைப் போல் நடக்கும் ‘இங்’ வடிவமோ வர வேண்டும். எது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொங்கல் விடுமுறை என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தி பொங்கல் ஹாலிடேஸ்’ என்பது இயல்பான வாக்கியம். ஆகவே வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ வாண்ட் டு தி பொங்கல் ஹாலிடேஸ்’ என்பது வாக்கியமே அல்ல. ஆகவே அங்கே ‘இங்’ வராது.

இந்தச் சோதனை ‘யூஸ்ட் டு’ என்ற இடத்தில் இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும். சிறுவயதில் நான்கு மணிக்கு எழுந்திருப்பேன், இப்போது இல்லை என்பதற்கு ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபோர்’. நான்கு மணிக்கு எழுந்து பழகிவிட்டது, அது எனக்குச் சிரமமில்லை என்பதற்கு ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபோர்’. இடையில் ‘ஆம்’ வந்த உடனே ‘யூஸ்ட்’ ஒரு பெயரடையாகிவிடுகிறது, ‘டு’ அதன் துணையாகிவிடுகிறது. அக்கஸ்டம்ட், கமிட்டட், அப்ஜெக்ட், டெடிகேட்டட் ஆகியவற்றோடு வரும் ‘டு’ எல்லாம் இந்த இனம்தான். அனுப்பிவிட்ட கடிதத்துக்காக நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராத பலரும் தடுக்கி விழும் இடம் இது என்று அதைப் படிப்பவருக்கும் தெரியும்.

‘ஷி இஸ் சீனியர் தேன் மீ’ என்பதில் என்ன பிழை?
— வாசகி, நாகர்கோவில்

‘என்னைவிட’ என்பதன் நிழலாக வந்திருக்கும் ‘தேன்’ இங்கே பொருந்தாது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவங்களாக இருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. அவை ‘டு’ என்பதையே ஏற்கும். காபியைவிடத் தேநீர் பிடிக்கும் என்னும்போதும் ‘ப்ரிஃபர் டீ டு காஃபி’ என்றே எழுத வேண்டும்.

மாவட்டச் செய்தியாளராக இருக்கிறேன். ஆங்கிலப் பதிப்புக்கும் எழுத வேண்டியிருக்கிறது. ‘அக்யூஸ்ட் ஃபார்’, ‘சார்ஜ்டு ஃபார்’ என்று எழுதினால் திருத்தி அனுப்புகிறார்கள்.
— வாசகர், விழுப்புரம்

இந்தச் சொற்களில் தவறு நேர்ந்தால் செய்தியின் பொருளே மாறிவிடக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். காவல்துறை ஒருவரைத் திருட்டுக்காகக் கைது செய்தால் ‘அரெஸ்டட் ஃபார் தெஃப்ட்’. அவர்மேல் சந்தேகம் மட்டும் என்றால் ‘சஸ்பெக்டட் ஆஃப்’. யாரோ அவரைக் குற்றம் சாட்டினால் ‘அக்யூஸ்ட் ஆஃப்’. முறைப்படி குற்றச்சாட்டு பதிவானால் ‘சார்ஜ்டு வித்’. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் ‘கன்விக்டட் ஆஃப்’, விடுவித்தால் ‘அக்விட்டட் ஆஃப்’, தண்டனை விதித்தால் ‘சென்டன்ஸ்டு டு’. பழிபோடுவது மட்டும் ‘பிளேம்டு ஃபார்’.

இவற்றில் ‘வித்’ தனியாக நிற்பது ஏன் என்று கேட்கத் தோன்றும். ‘சார்ஜ்’ என்பது பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வண்டியில் எதைக் கொண்டு பாரம் ஏற்றினார்களோ அதற்கு ‘வித்’ வந்ததைப் போல, மனிதன்மேல் ஏற்றிய குற்றத்துக்கும் ‘வித்’ வந்துவிட்டது. நாமும் குற்றத்தைச் ‘சுமத்து’கிறோம். ‘குற்றம் சுமத்தப்பட்டார்’ என்று தமிழில் எழுதும்போதெல்லாம் கை தானாக ‘வித்’ என்று எழுத வேண்டும் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ரேஸல் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து சலித்துவிட்டேன். ‘புட் ஆஃப்’, ‘புட் அப்’, ‘புட் அப் வித்’ எல்லாம் தலைக்குள் குழம்புகின்றன. வேறு வழி இல்லையா?
— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, தருமபுரி

உங்கள் சலிப்பு நியாயமானது. அதற்கு 1755-ஆம் ஆண்டிலேயே சாட்சி இருக்கிறது. அந்த ஆண்டு வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டாருக்கு மிகப்பெரிய இடர் தருவது என்று சாமுவேல் ஜான்சன் எழுதினார்.

இதே வித்தையைத் தமிழும் செய்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அச்சம் கொஞ்சம் குறையும். ‘குழந்தையைப் பார்’ என்பதற்கும் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் ‘லுக் அட்’ என்பதற்கும் ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கும் உள்ளது. ‘பார்’ என்பதையும் ‘கொள்’ என்பதையும் தனித்தனியே படித்து வைத்திருக்கும் ஓர் அயல்நாட்டார் ‘பார்த்துக்கொள்’ என்பதில் பராமரிப்பு எங்கிருந்து வந்தது என்று திகைப்பார். நாம் அதைப் பட்டியலில் படிக்கவில்லை. கடைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம் தாய் சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக் கற்றோம்.

ஆகவே பட்டியலை மூடிவைத்துவிட்டு, வினை வாரியாக அல்லாமல் சந்தர்ப்பம் வாரியாக எழுதிப் பழகுங்கள். மழையால் திருமணத்தைத் தள்ளிவைத்தார்கள் என்றால் ‘புட் ஆஃப்’. விருந்தினரை ஓர் இரவு வீட்டில் தங்கவைத்தார்கள் என்றால் ‘புட் அப்’. அந்த விருந்தினரின் குறட்டையைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றால் ‘புட் அப் வித்’. ஒரே வீட்டில், ஒரே கதையாக மூன்றும் அமைந்துவிட்டால் பிறகு குழம்பாது.

தேர்வில் கட்டாயம் வரக்கூடிய ஒரு விதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் விளக்கு என்பதை ‘இட்’ என்று மாற்றினால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டு’ ஆகியவற்றை இப்படிப் பிரிக்கவே முடியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றுதான் வரும். எது பிரியும், எது பிரியாது என்பதை நல்ல பயில்வோர் அகராதி ஒவ்வொரு சொல்லின்கீழும் காட்டிவிடும். இந்த வகை அகராதிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. தம் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942-ஆம் ஆண்டு ஜப்பானிலேயே முதலில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக மறுபடியும் வந்தது. ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று குறியீடிட்டுக் காட்டியது அதன் சிறப்பு. அந்த மரபில் வந்த அகராதி ஒன்று கையில் இருக்கும்போது, பொருளைப் பார்த்தவுடன் மூடிவிடாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படித்துவிட்டு மூடுங்கள்.

வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் வரக்கூடாது என்று எங்கள் காலத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என் பேரன் ‘வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?’ என்று எழுதியதை அவன் பள்ளியில் சரி என்று குறித்திருக்கிறார்கள். எது சரி?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

பள்ளி குறித்தது சரி, ஐயா. அந்த விதிக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672-ஆம் ஆண்டு, தமக்கு முந்தைய நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வாக்கியங்கள் இப்படி முடிவதைக் குறையாக அவர் சுட்டினார். 1668-இல் வெளியிட்ட தம் சொந்தக் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது, அதில் இருந்த அத்தகைய முடிவுகளையும் தேடித்தேடித் திருத்தினார். இலக்கண நூல்கள் அதைப் பிற்காலத்தில் விதியாக்கின. ஆங்கிலேயரின் பேச்சு அதற்குக் கட்டுப்படவே இல்லை.

கட்டுப்படாததற்குக் காரணம், மேலே பல பதில்களில் நாம் பார்த்துவந்த அந்த ஒட்டுதல்தான். கேள்வியாக்கும்போது ‘வாட்’ வாக்கியத்தின் முன்னால் ஓடிவிடுகிறது. ‘ஆஃப்’ அதன் பின்னால் ஓடாமல், தனக்கு உரிய ‘அஃப்ரெய்ட்’ பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ‘ஆஃப் வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?’ என்பது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் பத்து வயதுச் சிறுவன் தன் நண்பனிடம் அப்படிக் கேட்க மாட்டான். அலுவல் கடிதங்களிலும் ஆய்வேடுகளிலும் நீங்கள் கற்ற முறையை இன்றும் மதிக்கிறார்கள். நீங்கள் மாணவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழ்களின் தலையில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்று இருந்திருக்குமே, அந்தத் தொடரில் ‘டு’ முன்னால்தான் நிற்க வேண்டும்; அதை உங்கள் பேரனுக்கும் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.